கார் சார்ஜருக்கு வயர் இழுக்க முன் எர்த்தைப் பாருங்கள்

மின்சாரக் கார் எடுத்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை கிலோவாற் சார்ஜர் பூட்டலாம்?" என்பதுதான். நான் திருப்பி இரண்டு விஷயம் கேட்பேன். வீட்டுக்கு வரும் சப்ளை எத்தனை அம்பியர்? எர்த், அதாவது கசியும் கரண்டை நிலத்துக்குக் கொண்டுபோகும் கம்பி, எங்கே அடித்திருக்கிறது? முதலாவதற்கு மெயின் சுவிச்சையோ பழைய பில்லையோ பார்த்துப் பதில் சொல்லிவிடுவார்கள். இரண்டாவதற்கு அநேகமாகப் பதில் வராது. மதில் ஓரமாகக் கூட்டிப்போய், குரோட்டன் செடிகளை விலக்கி, பச்சை வயர் ஒன்று மண்ணுக்குள் போவதைக் காட்டுவார்கள். அதன் நுனியில் என்ன இருக்கிறது என்று வீட்டுக்காரருக்குத் தெரியாது.

யாழ்ப்பாணத்தில் வலிகாமம் பக்கம் வீட்டு வயரிங் செய்கிறவன் நான். நிசான் லீஃப் மட்டும் ஓடிய காலத்திலிருந்தே கார் சார்ஜருக்கு லைன் இழுத்து வருகிறேன். 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி திரும்பத் திறந்த பிறகு பிஒய்டி போன்ற புதுக் கார்களும் வந்துவிட்டன. கார் எதுவானாலும் வீட்டில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். யாழ்ப்பாணத்து வீட்டுக்குப் பெரிய சார்ஜர் தேவையில்லை. தனி லைனும் நல்ல எர்த்தும் தேவை. வயர்காரரைக் கூப்பிட முன் நீங்கள் தெரிந்திருக்க வேண்டியவற்றையும், அவரிடம் கேட்டுப் பெற வேண்டியவற்றையும் எழுதுகிறேன். வேலையைத் தகுதியுள்ள வயர்காரர்தான் செய்ய வேண்டும். மீற்றரின் சீலில் அவரும் கை வைக்கக் கூடாது. அது மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்குரியது.

சப்ளை எவ்வளவு தாங்கும்

எங்கள் ஊரில் பெரும்பாலான வீடுகளுக்குச் சிங்கிள் பேஸ் 30 அம்பியர் சப்ளைதான். 230 வோல்ற்றால் பெருக்கினால் 6.9 கிலோவாற். கடையில் "7 கிலோவாற்" என்று விற்கும் சுவர்ச் சார்ஜர் இழுப்பது 32 அம்பியர். அதாவது வேறு ஒரு லைற்றும் எரியாமல் இருந்தால்கூட, அந்தச் சார்ஜர் ஒன்றே வீட்டு சப்ளையைத் தாண்டிவிடும். தண்ணி மோட்டரும் ஏசியும் ஓடும் வீட்டில் கேட்கவே வேண்டாம்.

கொக்குவிலில் இளைப்பாறிய ஆசிரியர் ஒருவருக்குக் காரோடு 32 அம்பியர் சார்ஜரும் சேர்ந்து வந்தது. அதை முழு வேகத்தில் பூட்ட வேண்டாம் என்றதும் அவருக்கு மனம் சரியில்லை. "ஃப்ரீயா வந்த சாமானை ஏன் தம்பி குறைச்சுப் பூட்ட வேணும் எண்டுறீர்?" என்றார். "மாஸ்ரர், நீங்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓடுவீங்கள்?" என்று கேட்டேன். கோயில், சந்தை, மானிப்பாய். கிழமையில் ஒருநாள் பருத்தித்துறையில் மகள் வீடு. அவ்வளவுதான்.

இதற்குக் கணக்குப் பார்ப்போம். 16 அம்பியரில் சார்ஜ் செய்தால் ஏறக்குறைய 3.6 கிலோவாற். இரவு பத்தரையிலிருந்து காலை ஐந்தரை வரை ஏழு மணித்தியாலம் விட்டால் 25 யூனிற். வழியில் வீணாவது போகப் பற்றறிக்குள் 22 யூனிற் அளவில் சேரும். 100 கிலோமீற்றருக்கு 15, 16 யூனிற் தின்னும் கார் அதில் 140 கிலோமீற்றர் ஓடும். யாழ்ப்பாணம் நகரிலிருந்து பருத்தித்துறைக்குப் போய்வர 70 கிலோமீற்றர் அளவுதான். குடாநாட்டுக்குள் ஓடுகிறவருக்கு ஓர் இரவு 16 அம்பியர் தாராளம். கொழும்புக்குப் போகிறவருக்கும் முந்தின இரண்டு இரவும் போட்டால் பற்றறி நிறைந்துவிடும்.

நல்ல சுவர்ச் சார்ஜர்களில் உச்ச அம்பியரைக் குறைத்து வைக்க வழி இருக்கும். சிலவற்றில் உள்ளே சின்னச் சுவிச்சுகள், சிலவற்றில் ஃபோன் செயலி. மாஸ்ரரின் சார்ஜரை 16இல் வைத்தோம். பின்னர் எப்போதாவது த்ரீ பேஸ் எடுத்தால் கூட்டிக்கொள்ளலாம். 32 அம்பியர் கட்டாயம் வேண்டும் என்கிறவர் முதலில் போக வேண்டிய இடம் மின்சாரம் வழங்கும் நிறுவனத்தின் பிரதேச அலுவலகம். சப்ளையைக் கூட்டி எடுத்த பிறகுதான் சார்ஜர் வாங்கும் கதை.

வேலைக்கு முன் இன்னொன்றும் செய்யுங்கள். மாலை ஏழு மணிக்கும் நடுச்சாமத்திலும் வீட்டு வோல்ற்றளவை அளந்து பாருங்கள். ட்ரான்ஸ்ஃபோமரிலிருந்து தூரமாக, ஒழுங்கைக் கடைசியில் இருக்கும் வீடுகளில் மாலையில் வோல்ற் நன்றாக இறங்கும். அந்த நேரத்தில் சார்ஜ் போட்டால் உங்கள் வீட்டுக்கு மட்டுமல்ல, பக்கத்து வீட்டு ஃபேனுக்கும் வேகம் குறையும்.

பில்லையும் யோசியுங்கள். மாதம் 1000 கிலோமீற்றர் ஓடினால் காருக்கு மட்டும் 170, 180 யூனிற் போகும். சாதாரண வீட்டுக் கட்டணத்தில் யூனிற் கூடக் கூட விலையும் ஏறும். 180 தாண்டினால் மிக உயர்ந்த படி. நேரத்துக்கு நேரம் விலை மாறும் கட்டண முறையில் இரவு 10.30 முதல் காலை 5.30 வரைதான் மலிவு, மாலை 6.30 முதல் 10.30 வரை மிக விலை. உங்கள் இணைப்புக்கு அந்த முறை கிடைக்குமா என்று அதே அலுவலகத்தில் கேளுங்கள். கூரையில் சோலார் இருந்தால் பகலில் 10 அம்பியரில் மெதுவாக விடுவது எனக்குப் பிடித்த வழி.

லைன்

காருக்கான லைன் தனி லைனாக இருக்க வேண்டும். போர்ட்டிகோவில் லைற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் சொக்கெற்றிலோ, தண்ணி மோட்டர் லைனிலோ தொங்க விடக் கூடாது. கேத்தில் ஐந்து நிமிடம் கொதிக்கும், அயன் விட்டு விட்டு வேலை செய்யும். கார் ஏழெட்டு மணித்தியாலம் ஒரே அளவில் இழுத்துக்கொண்டே இருக்கும். வயரிலோ ஸ்குரூவிலோ இருக்கும் சின்னக் குறை வேறு எதிலும் இவ்வளவு தெளிவாக வெளியே வராது.

16 அம்பியருக்கு 20 அம்பியர் பிரேக்கரும், 4 சதுர மில்லிமீற்றர் செம்பு வயரும் போடுவேன். கடையில் 7/0.85 என்று கேட்டால் தருவார்கள். சாதாரண சொக்கெற்றுக்கு இழுக்கும் 7/0.67 இரண்டரை மில்லிமீற்றர். அதுவும் தாங்கும், ஆனால் எங்கள் வளவுகள் நீளமானவை. மீற்றர் ஒரு பக்கம், கார் நிற்கும் இடம் மறுபக்கம் என்று 25 மீற்றர் சாதாரணமாக வந்துவிடும். அந்த நீளத்துக்கு 16 அம்பியரில் 7/0.67 ஏழு வோல்ற் தின்னும், 7/0.85 நாலரை வோல்ற்றுக்குள் நிற்கும். மாலையில் ஏற்கெனவே வோல்ற் குறைந்த ஒழுங்கையில் அந்த வித்தியாசம் பெரிது. 32 அம்பியருக்கென்றால் 40 அம்பியர் பிரேக்கரும் 7/1.04, அதாவது 6 மில்லிமீற்றரும். தூரம் கூடினால் 7/1.35. எஸ்எல்எஸ் முத்திரை உள்ள வயரை மட்டும் வாங்குங்கள். மதிலோரம் மண்ணுக்குள் போகும் துண்டைக் கொண்டியூட்டுக்குள் விட்டு, இரண்டடி ஆழத்தில் தாழுங்கள். மண்வெட்டி அவ்வளவு ஆழம் போகாது.

பழைய வீட்டில் சிவப்பும் கறுப்பும், புது வயரில் கபிலமும் நீலமும் இருக்கும். பழைய வயரில் கறுப்பு நியூற்றல். புது த்ரீ பேஸ் வயரில் கறுப்பு ஒரு லைவ். இரண்டும் சேரும் பெட்டியில் நிறத்தை நம்பாமல் ஒவ்வொன்றையும் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் தொட வேண்டும்.

ட்ரிப் சுவிச்

எங்கள் வீடுகளில் மெயினில் இருக்கும், கரண்ட் கசிந்தால் தானாக விழும் ட்ரிப் சுவிச் பெரும்பாலும் ஏசி ரகம், அதாவது வீட்டுக்கு வரும் ஏசி மின்சாரத்தின் கசிவை மட்டும் காணும் ரகம். அதன் முகத்தில் ஒரே ஒரு அலைக்கோடு கீறியிருக்கும். கார் சார்ஜருக்கு அது போதாது. காருக்குள் ஏசி மின்சாரம், பற்றறிக்கு ஏற்ற, ஒரே திசையில் ஓடும் டிசியாக மாறுகிறது. எங்காவது இன்சுலேஷன் கெட்டால் அந்த டிசி எர்த் வழியாகக் கசியும். அந்தக் கசிவு ஏசி ரக ட்ரிப் சுவிச்சின் உள்ளே இருக்கும் காந்த வளையத்தைச் செயலிழக்கச் செய்துவிடும். பிறகு குளியலறையில் யாருக்காவது ஷொக் அடித்தாலும் சுவிச் விழாமல் போகலாம். அதாவது காரில் வரும் குறை, வீடு முழுவதற்கும் இருந்த பாதுகாப்பை எடுத்துவிடுகிறது.

ஆகவே இரண்டு வேலை. முதலாவது, காரின் லைனை வீட்டு ட்ரிப் சுவிச்சுக்குப் பிறகு எடுக்கக் கூடாது. மெயின் சுவிச்சுக்குப் பின்னாலும் ட்ரிப் சுவிச்சுக்கு முன்னாலும் பிரித்து, தனிப் பிளாஸ்ரிக் பெட்டிக்குள் கொண்டுபோய், அங்கே காருக்கென்று தனி 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் வைக்க வேண்டும். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. காரில் கசிவு வந்து விழுந்தால் அந்தச் சுவிச் மட்டும் விழும், ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டாவது, அந்தத் தனிச் சுவிச் ஏ ரகமாகவாவது இருக்க வேண்டும். அதன் முகத்தில் அலைக்கோட்டோடு பாதி அலைகளும் கீறியிருக்கும். கூடவே சார்ஜருக்குள் டிசி 6 மில்லி அம்பியர் கசிவைக் கண்டு நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று அதன் விபரத்தாளில் பாருங்கள். இல்லையென்றால் பி ரகச் சுவிச் வேண்டும். விலை கூடியது. அதனால் சார்ஜர் வாங்கும்போதே அந்த 6 மில்லி அம்பியர் விஷயத்தைக் கேட்டு வாங்குங்கள், பிறகு காசு மிஞ்சும்.

எர்த்

இனித்தான் முக்கியமான இடம். எங்கள் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. சுன்னாகம், உரும்பிராய்ப் பக்கம் செம்மண், கீழே கல். சில வளவில் ஓரடி தோண்டினாலே கல் தட்டும். நாலடி எர்த் றொட்டை அடிக்கப் போனால் ஓரடியில் நின்றுவிடும். அவசரப்பட்ட வேலையாட்கள் மிச்சத்தை வெட்டி எறிந்துவிட்டு, மேலே வயரைக் கட்டி, சீமெந்து பூசி முடித்துவிட்டுப் போன வீடுகளைக் கண்டிருக்கிறேன். லைற்றும் ஃபேனும் இருந்த காலத்தில் அது வெளியே தெரியவில்லை. காருக்கு அது தெரிந்துவிடும். அநேகமான சார்ஜர்கள் தொடங்க முன் எர்த்தைச் சோதிக்கும். சரியில்லையென்றால் சிவப்பு லைற் போட்டு நிற்கும்.

அந்தச் சிவப்பு லைற்றை அணைக்க ஒரு குறுக்கு வழி ஊரில் உலாவுகிறது. பிளக்குக்குள் அல்லது சொக்கெற்றுக்குள் நியூற்றலையும் எர்த்தையும் சின்ன வயரால் சேர்த்துவிடுவது. சார்ஜர் ஏமாந்து ஓடும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள், செய்ய யாரையும் விடாதீர்கள். சோழகக் காற்றில் காவோலை விழுந்து சேர்வீஸ் வயரில் நியூற்றல் மட்டும் அறுந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டுக்குள் எரியும் பல்ப் வழியாக வரும் 230 வோல்ற், திரும்பிப் போக வழியில்லாமல் அந்தச் சின்ன வயர் வழியாகக் காரின் உடம்புக்கு வரும். ரயர் ரப்பர், கார் நிலத்தில் ஒட்டாமல் நிற்கிறது. வெறுங்காலோடு ஈர முற்றத்தில் நின்று கார்க் கதவைத் தொடுகிற பிள்ளைதான் அந்த மின்சாரம் நிலத்துக்குப் போகும் வழி. சிவப்பு லைற் வந்தால் எர்த்தைத் திருத்துங்கள். வேறு வழி இல்லை.

திருத்துவது எப்படி? முதலில் வளவுக்குள் ஈரம் நிற்கும் இடத்தைத் தேடுவேன். அநேக வீட்டில் அது கிணத்தடி வாழைதான். குளிக்கும் தண்ணி ஓடிப் பாய்வதால் கோடையிலும் அந்த மண் காயாது. அங்கே செம்பு பூசிய றொட் ஒன்று முழுவதாக இறங்கினால் பாதி வேலை முடிந்தது. போதாவிட்டால் இன்னொன்று, முதலாவதிலிருந்து றொட்டின் நீளத்துக்குக் குறையாத தூரத்தில். கிட்டக் கிட்ட அடித்தால் இரண்டாவதால் பெரிய பயன் இல்லை.

கல் விடாத வளவில் இரண்டு வழி. ஒன்று, குழாய்க்கிணறு துளைப்பவர்களைக் கொண்டு ஒடுங்கலாகத் துளைத்து, றொட்டை இறக்கி, சுற்றிவர ஈரத்தைப் பிடித்து வைக்கும் பென்டனைட் களி ஊற்றுவது. மற்றது, கல்லுக்கு மேல் இருக்கும் செம்மண்ணில் நீளமாகக் கிடங்கு வெட்டி, செம்புப் பட்டையைப் படுக்க வைத்துத் தாழ்ப்பது. பத்துப் பன்னிரண்டு மீற்றர் நீளம் கிடைத்தால் இரண்டாவது வழி மலிவு, நன்றாகவும் வேலை செய்யும். தென்மராட்சி, வடமராட்சி மணலில் றொட் வெண்ணெயில் கத்தி போல இறங்கும். ஆனால் காய்ந்த மணல் கரண்டைக் கடத்தாது, ஈரம் தட்டும் ஆழம் வரை போக வேண்டும்.

உப்பும் கரியும் போட்டு எர்த் குழி கட்டுவது பழைய பழக்கம். நான் அதைச் செய்வதில்லை. உப்பு செம்பை அரிக்கும், மழையில் கரைந்து போய்விடும். எங்கே போகும் என்பதுதான் எனக்குக் கவலை. எங்களுக்கு வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. குடிப்பது, குளிப்பது, வெங்காயத்துக்கு இறைப்பது எல்லாம் இந்தக் கல்லுக்குள் நிற்கும் தண்ணி. மேலே ஊற்றியது வெடிப்பு வழியாக நேரே கீழே இறங்கும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து அந்தச் சனம் பட்ட பாட்டைப் பார்த்த பிறகும் நாங்களாகவே நிலத்துக்குள் எதையும் கொட்டக் கூடாது.

எர்த்தை அடித்தால் போதாது, அளக்க வேண்டும். மல்டிமீற்றரால் முடியாது. இரண்டு துணை ஆணி அடித்து அளக்கும் எர்த் டெஸ்டர் உள்ளவரைக் கூப்பிடுங்கள். மார்கழியில் அளந்தால் எல்லா எர்த்தும் நல்ல எர்த்தாகத்தான் காட்டும். ஆடி, ஆவணியில், மண் வெடித்துக் கிடக்கும்போது அளந்ததுதான் உண்மையான கணக்கு. மாரியில் வேலை செய்தால் கோடையில் திரும்ப வந்து ஒருமுறை அளந்து தருவீர்களா என்று வயர்காரரிடம் முன்னமே பேசிக்கொள்ளுங்கள். டெஸ்டர் காட்டும் ஓம் குறையக் குறைய எர்த் நல்லது. செம்மண்ணில் 10 ஓமுக்குக் கீழே வருவதற்கு முயல்வேன். கல் வளவில் அது எப்போதும் கிடைக்காது. 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் இருப்பதால் அதைவிடக் கூடிய ஓமிலும் பாதுகாப்பு வேலை செய்யும், ஆனாலும் கோடையில் 100 தாண்ட விடமாட்டேன். 200க்கு மேலே போன எர்த்தை நம்ப முடியாது, மழைக்கும் வெயிலுக்கும் மாறிக்கொண்டே இருக்கும்.

தண்ணிக் குழாயையோ தூணுக்குள் இருக்கும் கம்பியையோ எர்த்தாகக் காட்டினால் ஏற்காதீர்கள். குழாய் இடையில் பிளாஸ்ரிக்காக மாறியிருக்கும்.

சொக்கெற்றும் இடமும்

காரோடு வரும் கேபிளைச் சதுரப் பின் 13 அம்பியர் சொக்கெற்றில் போடலாம், ஆனால் 8 அல்லது 10 அம்பியரில் வைத்து. முழு 13 அம்பியரை இரவு முழுக்க விட்டால் பிளக் கறுத்து உருகத் தொடங்கும். நிரந்தரமாகப் பாவிப்பதற்கு நீல நிறத் தொழிற்சாலை ரக 16 அம்பியர் சொக்கெற் நல்லது. பின் தடிப்பு, பிடி இறுக்கம், மூடியும் உண்டு. எக்ஸ்ரென்ஷன் சுருளை எந்தக் காரணத்துக்கும் பாவிக்காதீர்கள். சுருளுக்குள் சூடு வெளியே போக வழியில்லை. ஜப்பானிலிருந்து வந்த பழைய லீஃப் என்றால், கூட வந்த கேபிள் 200 வோல்ற்றுக்கும் அந்த நாட்டுப் பிளக்குக்கும் செய்தது. பிளக்கை வெட்டி எங்கள் பிளக்கைக் கட்டுவதை விட, 230 வோல்ற்றுக்கென்று செய்த, லீஃப்பில் கொளுவும் டைப் 1 முனை உள்ள சார்ஜர் வாங்குவதே சரி. புதுக் கார்களுக்கு டைப் 2 முனை.

சார்ஜரை நெஞ்சுயரத்தில், நேர் வெயிலும் சாரலும் படாத சுவரில் பூட்டுங்கள். மாரியில் முற்றத்தில் வெள்ளம் எவ்வளவு ஏறும் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள், அதற்கு மேலே இருக்க வேண்டும். வயர் பெட்டிக்குக் கீழ்ப்பக்கத்தால் நுழையட்டும், மேலால் நுழைந்தால் தண்ணியும் கூடவே வரும். காரைநகர், பருத்தித்துறை, காங்கேசன்துறைக் கடற்கரை வீடுகளுக்குத் தூசியும் தண்ணியும் புகாத ஐபி 65 பெட்டியும் துருப்பிடியா உருக்கு ஸ்குரூவும் கட்டாயம். உப்புக் காற்று சாதாரண ஸ்குரூவை விட்டுவைக்காது.

ஐப்பசியில் இடி மின்னல் கூட. கார் லைனின் பெட்டிக்குள்ளேயே டைப் 2 மின்னல் காப்பு (இது சார்ஜர் முனையின் டைப் 2 அல்ல) ஒன்று வைக்கச் சொல்லுங்கள், நல்ல எர்த் இருந்தால்தான் அதற்கும் வேலை. அப்படி வைத்தாலும், இடி கிட்டக் கேட்கத் தொடங்க முன்னமே கேபிளைக் கழற்றிவிடுவது நல்லது.

கையில் வாங்க முன்

வேலை முடிந்ததும் காசு கொடுக்க முன் வயர்காரரைச் செய்யச் சொல்ல வேண்டியவை இருக்கின்றன. 500 வோல்ற்றில் இன்சுலேஷன் பார்க்க வேண்டும், புது வயரில் பல மெகா ஓம் வர வேண்டும். லைவும் நியூற்றலும் மாறவில்லை என்று காட்ட வேண்டும். ட்ரிப் சுவிச்சை டெஸ்டரால் விழுத்தி நேரம் பார்க்க வேண்டும். 30 மில்லி அம்பியரில் 300 மில்லி செக்கனுக்குள் விழ வேண்டும். பிறகு காரைக் கொளுவி ஒரு மணித்தியாலம் ஓட விட்டு, பிளக்கையும் பிரேக்கரையும் பெட்டிக்கு வெளியே கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியாத சூடென்றால் எங்கோ ஸ்குரூ தளர்வு. ஒரு மாதம் ஓடிய பிறகு மெயினை நிறுத்தி எல்லா ஸ்குரூவையும் திரும்ப இறுக்கச் சொல்லுங்கள். செம்பு திரும்பத் திரும்பச் சூடாகிக் குளிர்வதால் பிடி கொஞ்சம் இளகும்.

ட்ரிப் சுவிச்சில் டி என்று எழுதிய பட்டனை மாதம் ஒருமுறை அமத்துங்கள். வயரின் அளவு, பிரேக்கர், எர்த் எங்கே தாழ்த்தது, எந்த மாதம் எத்தனை ஓம் என்பதை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். பிறகு வருகிற வயர்காரர் செடிகளை விலக்கித் தேட வேண்டியதில்லை. கனடாவிலோ லண்டனிலோ இருந்துகொண்டு ஊருக்கு வரும்போது மட்டும் கார் ஓடுகிறவர்கள், திரும்பிப் போகும்போது அந்தப் பெட்டியின் பிரேக்கரைக் கீழே இறக்கிவிட்டுப் போங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் அதன் இடத்தையும் காட்டிவிடுங்கள்.